வாசல் வழியே நுழைந்த முற்றுகை: ‘ராஹைட்’ படமும் வண்டிச் சாவடிகளின் வரலாறும்

பல ஆண்டுகளுக்கு முன் இரவு நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பு வெள்ளை வெஸ்டர்ன் படம் பார்த்ததாகவும், பாலைவனத்தில் தனியே நிற்கும் ஒரு கோச்சு வண்டிச் சாவடியைக் கொள்ளையர் கைப்பற்றிக்கொள்வதும், உள்ளே அடைபட்ட ஆணும் பெண்ணும் கத்தியால் சுவரைக் குடைவதும், ஒரு கண் விலகிய கொடியவன் ஒருவன் சின்னக் குழந்தையைக் குறிவைத்துச் சுடுவதும் மட்டுமே நினைவில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன படம், அப்படிப்பட்ட சாவடிகள் உண்மையில் இருந்தனவா, இன்று மறுபடி தேடிப் பார்க்கும் அளவுக்கு அது தகுதியுள்ள படமா என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் பார்த்தது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ராஹைட்’ என்ற படம். ஹென்றி ஹாதவே இயக்கியது; டைரோன் பவரும் சூசன் ஹேவர்டும் முதன்மை வேடங்களில் நடித்தது. பதனிடாத தோலைக் குறிக்கும் சொல் அது. படத்தில் ஒரு மலைக்கணவாய்க்கும் அதில் உள்ள சாவடிக்கும் பெயராக வருகிறது. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1959இல் தொடங்கிய, கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த மாட்டு மந்தைத் தொலைக்காட்சித் தொடருக்கும் இதே பெயர்தான். கதையில் இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘டெஸ்பரேட் சீஜ்’ என்ற மாற்றுப் பெயரும் இந்தப் படத்துக்கு உண்டு என்பதால், முதல் பெயரில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். சான் பிரான்சிஸ்கோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே அஞ்சல் வண்டி ஓடும் பாதையில் ராஹைட் கணவாய்ச் சாவடி இருக்கிறது. முதிய சாவடிக்காரர் சாம் டாட் (எட்கர் புக்கானன்) அதைக் கவனித்துக்கொள்கிறார். வண்டி நிறுவனத்தின் பெரிய அதிகாரி ஒருவரின் மகனான டாம் ஓவன்ஸ் (டைரோன் பவர்) தொழில் பழகுவதற்காக அவரிடம் அனுப்பப்பட்டவன். தூசியும் கோவேறு கழுதைகளும் அவனுக்கு அலுத்துப்போய்விட்டன. ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். இறந்துபோன அக்காளின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வின்னி ஹோல்ட் (சூசன் ஹேவர்ட்) என்ற பெண் வண்டியில் வந்து சேர்கிறாள். சிறையிலிருந்து தப்பிய கொள்ளையர் அந்தப் பக்கம் திரிகிறார்கள் என்ற செய்தியைக் குதிரைப்படையினர் கொண்டுவருகிறார்கள். ஆபத்துள்ள பாதையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆகவே வின்னியை வலுக்கட்டாயமாக இறக்கிவிட்டு வண்டி போய்விடுகிறது. அதன்பின் சட்ட அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறான் ஸிம்மர்மன் (ஹியூ மார்லோ). அவனோடு மூவர். சாம் கொல்லப்படுகிறார். மறுநாள் வரப்போகும் வண்டியில் ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கம் இருக்கிறது. அதுவரை அவர்கள் காத்திருக்க வேண்டும்.

முற்றுகைப் படம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான்: உள்ளே நம்மவர், வெளியே பகைவர், இடையில் சுவர். சுவர் தாங்கும்வரை உயிர் இருக்கும். ‘ராஹைட்’ இந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. பகைவன் சுவரை உடைக்கவில்லை. வாசல் வழியாக, முறையாக விசாரித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கும் வழிப்போக்கனைப் போல வருகிறான். வருகிறவரை வரவேற்பதற்கென்றே கட்டப்பட்ட இடம் அது என்பதால் அவனைத் தடுக்கவும் முடியாது. அவன் உள்ளே வந்த நொடியில் அதே சுவர் கட்சி மாறிவிடுகிறது. பாலைவனத்திலிருந்து காத்த சுவர் சிறைச் சுவராகிறது. அதன்பின் வெளியிலிருந்து யார் பார்த்தாலும் சாவடி என்றைக்கும் போல அமைதியாகவே தெரிகிறது. முற்றுகை நடப்பதே வெளியே யாருக்கும் தெரியாத முற்றுகை இது. நான் மதிக்கும் வெஸ்டர்ன் படங்களுள் இதை முன்வரிசையில் வைப்பதற்கு இந்த ஒரு திருப்பமே போதுமான காரணம்.

டாமைக் கொள்ளையர் ஏன் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி வந்து நிற்கும்போது வழக்கமான முகம் ஒன்று வாசலில் தென்பட வேண்டும். கழுதைகள் தயாராக இருக்க வேண்டும். அடுப்பில் உணவு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியோட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே டாம் தனக்கு அலுத்துப்போன அந்த எடுபிடி வேலைகளைச் செய்யத் தெரிந்தவன் என்பதாலேயே உயிர் பிழைத்திருக்கிறான். வின்னியை அவனுடைய மனைவி என்று கொள்ளையர் தாமாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தைக் கெடுக்க வேண்டாம், என் மனைவி என்றிருக்கும்வரைதான் உனக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு என்று அவன் அவளுக்கு உணர்த்துகிறான். முன்பின் தெரியாத இருவர் ஒரே அறையில் பூட்டப்பட்டு, கணவன் மனைவியாக நடிக்க வேண்டிய நிலை. வேறொரு படமாக இருந்தால் அங்கே காதல் முளைத்திருக்கும். இங்கே அதற்கு ஏறக்குறைய இடமே இல்லை; இருவரும் சண்டை போடுகிறார்கள், பழி சொல்கிறார்கள், பிறகு வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இரவில் ஒரு வண்டி வந்து போகும் பகுதியை நீங்கள் மறந்திருக்கலாம். மறுபடி பார்க்கும்போது அதை நிதானமாகப் பாருங்கள். தங்கம் அந்த வண்டியில் இல்லை, ஆகவே அது சந்தேகமின்றிக் கடந்து போக வேண்டும் என்பது ஸிம்மர்மனின் திட்டம். பயணிகள் இறங்கிச் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள். டாம் பரிமாறுகிறான், கழுதைகளை மாற்றுகிறான். துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் தட்டு வைக்கும் ஒலியும் சேணம் மாட்டும் ஒலியும்கூட நெஞ்சைப் பிசைகின்றன. எச்சரிக்கை ஒன்றை எப்படியாவது வெளியே அனுப்பிவிட அவன் படும் பாடு பலிக்காமல், வண்டி இருளில் மறைகிறது. சாவடி மறுபடியும் தனியாகிறது. சண்டைக் காட்சி ஒன்றால் உண்டாக்க முடியாத பதற்றத்தை ஒரு கால அட்டவணையால் உண்டாக்க முடியும் என்பதை ஹாதவே இங்கே காட்டிவிடுகிறார். அடுத்த வண்டி எப்போது வரும் என்பது டாமுக்கும் தெரியும், கொள்ளையருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அடுத்தது அந்தச் சுவர். வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் ஆன தடித்த மண்சுவர் அது. கத்தி முனையால் சுரண்டினால் தூளாக உதிரும். ஆனால் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட ஓர் இரவு போதாது. உதிரும் மண்ணை மறைக்க வேண்டும், காலடி ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும், கதவு திறப்பதற்குள் துளையை மூட வேண்டும். கத்தி சுரண்டும் மெல்லிய ஒலியையே ஹாதவே பின்னணி இசையைப் போல நெடுநேரம் நம் காதில் விழ வைக்கிறார். ஆள் நுழையப் போதாத அந்தத் துளை, தளிர்நடை போடும் குழந்தை நுழையப் போதுமானதாகிவிடுகிறது. பெரியவர்களின் கவனம் வேறெங்கோ இருக்கும் நேரத்தில் குழந்தை துளை வழியே வெளியே தவழ்ந்து போய்விடுகிறது. தப்பிக்கத் தோண்டிய வழியே பெரும் ஆபத்துக்கு வழியாகும் அந்த இடம் படத்தின் திரைக்கதையில் மிகச் சிறந்த இடம் என்று நினைக்கிறேன். உங்கள் நினைவில் நிற்கும் உச்சக்காட்சி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தத் திரைக்கதையை எழுதியவர் டட்லி நிக்கோல்ஸ். 1939இல் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ படத்தை எழுதியவரும் இவரே. அதில் ஓடும் வண்டிக்குள் அந்நியர் சிலரை அடைத்துவைத்து மனிதர்களைக் காட்டியவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வண்டி வந்து நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கதையின் வேர் வெஸ்டர்ன் படத்தில் இல்லை. 1935இல் அதே ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த ‘ஷோ தெம் நோ மெர்ஸி’ என்ற குற்றப் படத்தில், கைக்குழந்தையுடன் பயணம் போகும் தம்பதியர் ஆள் கடத்தும் கும்பலின் மறைவிடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். இறுதியில் அந்தப் பெண்ணே இயந்திரத் துப்பாக்கியால் கொடியவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். காரைக் கோச்சு வண்டியாகவும் மறைவிடத்தைச் சாவடியாகவும் மாற்றியபோது அந்த முடிவையும் நிக்கோல்ஸ் கைவிடவில்லை. ‘ராஹைட்’டில் கொள்ளையருள் கொடியவனான டெவிஸ் தன் தலைவனையே கொன்றபின், மறைவில் துப்பாக்கியோடு இருக்கும் டாமைச் சரணடைய வைப்பதற்காகக் குழந்தையின் காலடியில் மண் தெறிக்கச் சுடுகிறான். டாம் எழுந்து வெளியே வருகிறான். ரைஃபிளை எடுத்து டெவிஸைச் சுடுவது வின்னி. டைரோன் பவர் போன்ற பெரிய நட்சத்திரம் நிராயுதபாணியாக நிற்க, பெண் சுட்டு முடித்து வைக்கும் வெஸ்டர்ன் படம் 1951இல் எளிதில் காணக்கூடியது அன்று. படத்தின் போக்கைப் பார்த்தால் அது சரியான முடிவுந்தான். தொடக்கத்திலிருந்தே யாருக்கும் தலைவணங்காதவளாக அவளைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

டெவிஸாக நடித்தவர் ஜாக் ஈலம். அந்தக் கண் ஒப்பனை அல்ல. சிறுவயதில் பென்சில் குத்தியதால் இடது கண்ணில் பார்வை போய்விட்டது. நடிக்க வருவதற்கு முன் கணக்கு எழுதும் தொழிலில் இருந்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் வேடங்களுள் இது ஒன்று. நகைக்கும்போதுகூட அந்த முகத்தில் ஒரு பாதி நகைக்காமல் இருப்பதை ஒளிப்பதிவாளர் மில்டன் கிராஸ்னர் நன்கு பயன்படுத்தியிருக்கிறார். கிராஸ்னர் இதற்கு முன் குற்றப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து தேர்ந்தவர்; ஹாதவேயும் 1947இல் ‘கிஸ் ஆஃப் டெத்’ என்ற குற்றப் படத்தை எடுத்தவர். அதனால் வெயில் காயும் பாலைவனத்தில் நடக்கும் இந்தப் படத்தின் உட்புறக் காட்சிகள் ஒற்றை விளக்கும் நீண்ட நிழலும் தாழ்ந்த கூரையுமாக, நகரத்துக் குற்றப் படம் ஒன்றின் தோற்றத்தில் இருக்கின்றன. வெளியே கண்கூசும் வெளிச்சம், உள்ளே மூச்சடைக்கும் இருட்டு என்ற இந்த வேறுபாட்டுக்காகவாவது தெளிவான பிரதி ஒன்றில் பார்ப்பது நல்லது.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். வண்டிப் பாதையின் பெருமை பேசும் தொடக்கக் குரல் வேறொரு, இலேசான படத்துக்கு உரியது போல ஒலிக்கிறது. அதற்கும் பின்னால் வரும் இறுக்கத்துக்கும் பொருத்தம் இல்லை. கும்பலில் ஸிம்மர்மனும் டெவிஸும் முழு மனிதர்களாக எழுதப்பட்டிருக்க, யான்சியும் கிராட்ஸும் எண்ணிக்கைக்காக வந்தவர்களைப் போலத் தோன்றுகிறார்கள். யான்சியாக வரும் டீன் ஜாகர் அதற்குச் சற்று முன்புதான் துணை நடிகருக்கான ஆஸ்கர் பெற்றவர் என்பதை நினைக்கும்போது, அவருக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

படம் எடுக்கப்பட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே லோன் பைன் என்ற சிற்றூரை ஒட்டி அலபாமா ஹில்ஸ் என்னும் உருண்டைப் பாறைக் குன்றுகள் இருக்கின்றன. பின்னால் விட்னி சிகரம் பனியோடு நிற்கும். ஹாதவேக்கு அது புதிய இடம் அன்று. 1935இல் அவர் இயக்கிய ‘தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்’ படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக நடித்தவை இதே குன்றுகள்தாம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பாறைகளை அடையாளம் காணலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சாவடிகள் உண்மையில் இருந்தன. ஜான் பட்டர்ஃபீல்டு என்பவரின் ஓவர்லேண்ட் மெயில் நிறுவனம் 1857இல் அமெரிக்க அஞ்சல் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1858 செப்டம்பர் நடுவில் ஓட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,800 மைல் தொலைவை 25 நாள்களுக்குள், வாரம் இருமுறை, இரு திசையிலும் கடக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 6,00,000 டாலர். செயின்ட் லூயிஸிலிருந்து நேர் மேற்கே போகாமல் தெற்கே வளைந்து, எல் பாஸோ, டூசான், யூமா வழியாகக் கலிஃபோர்னியாவுக்குள் நுழையும் பாதை அது. பனியில் அடைபடாமல் ஆண்டு முழுவதும் ஓடுவதற்காக அந்த வளைவு. முதல் மேற்கு நோக்கிய பயணத்தில் கடைசிவரை வந்த ஒரே பயணி வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற நியூயார்க் ஹெரால்டு நிருபர்; அக்டோபர் 10ஆம் தேதி அவர் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தபோது 24 நாள்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை.

இரவு பகல் நிற்காமல் வண்டி ஓட வேண்டும் என்றால் விலங்குகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகவே சராசரியாக இருபது மைலுக்கு ஒன்றாகச் சாவடிகள். தொடக்கத்தில் ஏறத்தாழ 140 இருந்தன, பின்னர் கூட்டப்பட்டன. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் விலங்கு மாற்றுவது மட்டும் நடக்கும். மற்றொன்றில் உணவும் கிடைக்கும். பாலைவனப் பகுதிகளில் குதிரையைவிடக் கோவேறு கழுதையே தாக்குப்பிடிக்கும் என்பதால் அங்கே கழுதைகளைத்தான் பூட்டினார்கள். சாவடியை நெருங்கும்போது வண்டியிலிருந்து ஊதுகொம்பை ஒலிப்பார்கள். அந்த ஒலி கேட்டதும் மாற்று விலங்குகளைச் சேணமிட்டு வெளியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் வண்டி மறுபடி கிளம்பிவிடும். மரம் கிடைக்காத இடங்களில் மண்கல்லாலோ கருங்கல்லாலோ சுவர் எழுப்பி, விலங்குப் பட்டியையும் அந்தச் சுவருக்குள்ளேயே அமைத்தார்கள். ‘ராஹைட்’ சாவடியின் அமைப்பும், அங்கே டாம் செய்யும் வேலைகளும் இந்த வகையில் நம்பத்தக்கவையே.

ஒரு பெரிய வேறுபாடு தங்கம். பட்டர்ஃபீல்டு தம் ஊழியர்களுக்குக் கொடுத்த விதிகளில் பணம், நகை, வங்கித்தாள் உள்ளிட்ட விலையுயர்ந்த எதையும் எந்த நிலையிலும் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வழிப்பறிக்காரருக்கு ஆசை காட்ட வேண்டாம் என்பதே நோக்கம். தங்கப் பெட்டியும் அதைக் காக்கத் துப்பாக்கியோடு முன்னிருக்கையில் அமர்ந்தவரும் வெல்ஸ் ஃபார்கோ போன்ற நிறுவனங்களின் சுரங்க ஊர்ப் பாதைகளுக்கு உரியவர்கள். படம் இரண்டு வரலாறுகளையும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. தென்பாதையின் ஆயுளும் குறைவு: உள்நாட்டுப் போர் மூண்டதை ஒட்டி 1861இல் அஞ்சல் ஓட்டம் வடக்கே, நடுப்பாதைக்கு மாற்றப்பட்டது.

ஆனால் படத்தின் மையக் கற்பனை, அதாவது ஆபத்து உள்ளிருந்தே வருவது, உண்மையில் நடந்திருக்கிறது. அரிஸோனாவில் டிராகூன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், முதல் வண்டி கிளம்புவதற்கே ஒரு வாரம் இருக்கையில், 1858 செப்டம்பர் 8ஆம் தேதி இரவு நடந்தது அது. அங்கே கல்லால் சாவடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பகுதிப் பழங்குடியினரான அப்பாச்சியர் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் மதிலை முதலில் கட்டி, இரவில் வாசலில் காவலும் வைத்திருந்தார்கள். தாக்கியவர்களோ மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் அல்லர். உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்ஸிகோத் தொழிலாளர் மூவர், உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கோடரி முதலிய கருவிகளால் வெட்டினார்கள். மூன்று பேர் இறந்தனர். கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சைலஸ் செயின்ட் ஜான் என்பவர், கையும் இடுப்பும் வெட்டுப்பட்ட நிலையில் துப்பாக்கியை எடுத்து மூவரையும் விரட்டினார். அதன்பின் ஏறத்தாழ நான்கு நாள்கள், இறந்தவர்களுக்கும் இறந்துகொண்டிருந்தவர்களுக்கும் நடுவில், தண்ணீர் எடுக்கவும் எழ முடியாமல், பட்டியில் கட்டியிருந்த கழுதைகள் தாகத்தில் கதறுவதைக் கேட்டுக்கொண்டு, கட்டி முடியாத அந்த மதிலுக்குள் கிடந்தார். அவ்வழியே வந்த பயணிகள் அவரைக் கண்டெடுத்தார்கள். ஃபோர்ட் புக்கானனிலிருந்து வந்த படை மருத்துவர் பெர்னார்டு இர்வின் அவருடைய கையைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றினார். செயின்ட் ஜான் இருபதாம் நூற்றாண்டுவரை வாழ்ந்தார். அந்தச் சாவடியின் கல்மதில் இடிந்த நிலையில் இன்றும் இருக்கிறது.

மறுபடி பார்க்கலாமா என்பதற்கு என் பதில்: கட்டாயம் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படந்தான். பிடித்திருந்தால் 1957இல் பட் பெட்டிகர் இயக்கிய ‘தி டால் டி’ படத்தையும் அடுத்ததாகப் பாருங்கள். அதிலும் ஒரு சாவடியைக் கொள்ளையர் கைப்பற்றிக்கொண்டு வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவும் லோன் பைன் பாறைகளுக்கு நடுவில் எடுக்கப்பட்டதுதான். ஆனால் அதில் கொள்ளையரும் பிணைக்கைதிகளும் சாவடியை விட்டு மலைக்குள் போய்விடுகிறார்கள். ‘ராஹைட்’டில் யாரும் எங்கும் போவதில்லை.